முதலில் மன்னிப்புக் கேட்டவள்

கடலோசை டிவியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'முகத்திரை' என்றொரு நிகழ்ச்சி வரும். கப்பல் முங்கப் போகிற மாதிரி ஒரு இசை எழும்பி அடங்கியதும், அனுசியா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். "இணையத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்தவர் மனதைப் புண்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் விடமாட்டோம்" என்பாள். உடனே பேரின்பம் ஜவுளி மாளிகையின் விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்த பிறகு, யாராவது ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே பிடித்து, மைக்கை மூக்குக்குக் கீழே நீட்டி, ஊரறிய வெளுத்துக் காயப்போடுவார்கள்.

தூத்துக்குடியில் இந்த நிகழ்ச்சியை ஜெபசுதாவைப் போல மனமொன்றிப் பார்த்தவர் இருக்க முடியாது. அவள் ஒரு மிஷன் பள்ளியின் பெண்பிள்ளைகள் விடுதியில் மேட்ரன். ஊர் நாசரேத். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. நடக்கவில்லையே என்று அவள் உட்கார்ந்து யோசிக்க அறுபது பிள்ளைகள் விட்டதும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் சாப்பாட்டு அறையில் டிவிக்கு முன்னால் உட்காரவைத்து, "பாருங்களா, நம்ம விடுதிப் பிள்ள எப்பிடி நிமுந்து நிக்கான்னு" என்பாள்.

அனுசியா அந்த விடுதியில் வளர்ந்தவள். வேம்பாரில் உப்பளத்தில் வேலை செய்தவரின் மகள். ஆறாம் வகுப்புக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவளுக்கு வந்த மாதமே மஞ்சள் காமாலை. ஜெபசுதாதான் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து எழுப்பினாள். எழுந்து உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளை செய்த முதல் காரியம் பக்கத்துப் படுக்கைக்காரியோடு சண்டை போட்டதுதான்.

சண்டைக்கு அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. யார் மேல் தப்பு என்று ஜெபசுதா விசாரிக்கவே மாட்டாள். விசாரிக்கப் புகுந்தால் அது வக்கீல் பிழைப்பாகிவிடும். இருவரில் வயசுக்கு மூத்தவள் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும், தப்புச் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும். அவள் கேட்டு முடித்ததும் மேட்ரன் இளையவளைப் பார்த்து, "இப்ப உன் முறை" என்பாள். இளையவளும் கேட்பாள். பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் சோறு வாங்கித் தின்ன வேண்டும், அத்தோடு முடிந்தது. அனுசியா பெரிய சண்டைக்காரி. ஆகவே "இப்ப உன் முறை" என்பதை அவளைப் போல அதிகம் கேட்டு வளர்ந்த பிள்ளை அங்கே வேறு யாரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜெபசுதாவுக்கு வாய் பெரிய வாய். "ஏளா மூதி, ஈரத் தலையோட எங்கன ஓடுத?" என்பதுதான் அவள் காலை வணக்கம். மேட்ரனிடம் ஒரு வாரம் ஏச்சு வாங்காத பிள்ளை, அம்மாவுக்கு நம் மேல் என்ன கோபமோ என்று அழத் தொடங்கிவிடும்.

போன வருஷம் ஒருநாள் அனுசியா போனில் அழுதாள். நிகழ்ச்சிக்குக் கீழே அவளைப் பற்றிக் கண்டபடி எழுதுகிறார்களாம். 'நெய்தல் வேங்கை' என்று ஒருவன், அவள் வீட்டுக்குப் போகும் வழி தனக்குத் தெரியும் என்றே எழுதியிருக்கிறான்.

"எனக்காவ யாரு பேசுவா மேட்ரனம்மா? நீங்க நாலு வார்த்தை எழுதுங்களேன்."

"எனக்கு அதெல்லாம் எங்கனளா தெரியும்?"

"டெரன்ஸ் சொல்லித் தருவாரு."

டெரன்ஸ் சேனலின் டிஜிட்டல் பிரிவுத் தலைவன். விடுதிக்கே வந்து, ஜெபசுதாவின் போனை வாங்கி, ரோஜாப்பூப் படம் ஒன்றை வைத்து, 'கடற்கரை ரோஜா' என்று ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்தான். "சொந்தப் பேர்ல எழுதினா தேடி வந்துருவானுவ. உங்க பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்லா" என்றான். அவள் அவனுக்கு இரண்டு முறை டீ கொடுத்தாள்.

அன்றைக்கே ஜெபசுதா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேங்கைக்குப் பதில் எழுதினாள். 'ஏலே மூதி, எடுபட்ட பயலே, உங்க வீட்டுல அம்மை அக்கா தங்கச்சி யாரும் இல்லையா? வழி தெரியும்னா வா. வரும்போது குளிச்சிட்டு வா. வெளக்குமாறு இங்கன வாசல்லயே சாத்தி வச்சிருக்கேன்.' சாயங்காலத்துக்குள் ஊரே அதைப் படித்துச் சிரித்தது. அனுசியா வரிசையாக இதயப் படங்கள் அனுப்பினாள். "உங்களாலதான் சேனலுக்கு எங்கேஜ்மென்ட் ஏறுது" என்று டெரன்ஸ் சொன்னான். அது என்ன ஏறுகிறது என்று விளங்காவிட்டாலும் ஜெபசுதாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாரா வாரம் எழுதினாள்.

அப்படியே இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளைகளுக்குச் சாளைமீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே கடலோசை வண்டி வந்து நின்றது. டெரன்ஸ் மைக்கோடு இறங்கினான். தனக்கு ஏதோ பரிசு கொண்டு வந்திருக்கிறார்கள் என்றே ஜெபசுதா நினைத்தாள். கையை முந்தானையில் துடைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஏளா ஜெமி, தம்பிக்கு நாற்காலி எடுத்துப் போடு" என்றாள்.

"கடற்கரை ரோஜா நீங்கள்தானா?" என்று டெரன்ஸ் அச்சுத் தமிழில் கேட்டான்.

"நாந்தான்" என்றாள் பெருமையாக. "நீங்கதானய்யா போட்டுத் தந்திய."

ஒளிபரப்பில் 'நாந்தான்' வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேல் கப்பல் முங்கத் தொடங்கிவிட்டது.

அன்று சாயங்கால நிகழ்ச்சியில் அவள் முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள். பெயர் வந்தது, குரல் வந்தது, விடுதியின் பெயர்ப்பலகை வந்தது, ஊர் சாத்தான்குளம் என்று தப்பாக வந்தது. முகத்தை மறைத்த கட்டமும் பாதி நேரம் நகர்ந்துபோய்ப் பின்னால் இருந்த தண்ணீர்க் குடத்தை மறைத்துக்கொண்டிருந்தது. பிறகு, பாதிக்கப்பட்ட இளம் தொழிலதிபர் என்று ஒருவரை முதுகுப்புறமாகக் காட்டினார்கள். அந்தப் பதிவுக்குப் பிறகு தம் வீட்டில் விளக்குமாற்றைப் பார்த்தாலே உடம்பு நடுங்குவதாகச் சொல்லி அவர் தேம்பினார். சென்னையிலிருந்து வந்த வன்சொல் நிபுணர் ஒருவர், 'மூதி' என்ற சொல்லுக்குத் தம்மிடமுள்ள பட்டியலில் பொருள் இல்லை என்றும், பொருள் தெரியாத சொல்லை உச்சபட்ச ஆபத்தாகக் கொள்வதே உலக வழக்கம் என்றும் விளக்கினார். நெய்தல் வேங்கையின் பதிவுகளையும் அவர் ஆராய்ந்திருந்தார். அவற்றில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை, எழுத்துப்பிழைகூட இல்லை, நாகரிகமான நடை என்றார்.

கடைசியில் அனுசியா வந்து, "பெண்பிள்ளைகளைப் பாதுகாக்க வேண்டியவரே இப்படி என்றால்?" என்று கேட்டுவிட்டு, பதில் தெரியாதவள் போலக் கண்ணை மூடித் திறந்தாள். விடுதியில் அறுபது பிள்ளைகளும் சோற்றில் கை வைக்கவில்லை. குழம்பு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் பள்ளித் தாளாளர் ஜேசுபாதம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர், நல்ல மனுஷர் என்பதால் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.

"எனக்கு உங்களத் தெரியும் மேட்ரன். ஆனா டிவிக்காரனுக்கு உங்களத் தெரியலையே. பிள்ளையளப் பெத்தவங்க போன் மேல போன் போட்டுக் கேக்காவ. உங்க மேல தப்பு இல்லன்னு டிவிக்காரங்களே அவுங்க வாயால சொல்லிட்டா எனக்குப் போதும். மாசக் கடைசிக்குள்ள சொல்ல வைங்க. இல்லன்னா ரூமக் காலி பண்ணிக் குடுத்துருங்க. மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதிய."

ஜெபசுதாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. நாசரேத்து வீட்டைத் தம்பி பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டு, அத்தைக்கு என்று ஒரு சுவரைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அதைவிட, அனுசியாவுக்கு விஷயம் தெரிந்திருக்காது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை வாசித்திருக்கிறது என்றே அவள் மனம் அடித்துச் சொன்னது. ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு கடலோசைக்குப் போனாள்.

வரவேற்பறையில் பேரின்பம் ஜவுளி மாளிகையின் ஆளுயரப் படம் ஒன்று நின்றது. பட்டு வேட்டி கட்டிய ஓர் இளைஞன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைத் தாண்டினால் 'நியாய உரிமைப் பிரிவு'. சேனலால் குற்றம் சாட்டப்பட்டவர்களை நியாயமாக நடத்துவதற்கென்றே சேனல் வைத்திருக்கும் பிரிவு. அதன் அலுவலர் செந்தூர்வேல், பழுத்த மனிதர், அவளுக்கு மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார். அதையும் ஒருவர் படம் பிடித்தார்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கிடுங்கம்மா. குற்றஞ்சாட்டப்பட்டவங்களுக்கு நம்ம சேனல் மாதிரி மரியாதை குடுக்கிற சேனல் இந்தக் கடற்கரையிலேயே கெடையாது."

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்டுருக்கலாமே சார்."

"கேட்டுட்டுப் போட்டா நீங்க இல்லம்பிய. அப்புறம் நாங்க எப்படிப் போட? போட்டுட்டுக் கேட்டா, உங்களுக்கும் பதில் பக்குவமா வரும். அதுக்குத்தான இந்தப் பிரிவே இருக்கு."

"ஊரு சிரிக்குதே சார்."

"முகத்த மறைச்சோம்லா."

"பேரச் சொன்னிய. போர்டக் காட்டுனிய."

"பேரு பொதுத் தகவல். போர்டு பொது இடம். மாண்புங்கிறது முகத்துலதான் இருக்குன்னு எங்க வக்கீல் சொல்லுதாரு."

ஜெபசுதா மக்ரூன் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டாள். "அந்தக் கணக்கப் போட்டுக் குடுத்ததே உங்க டெரன்ஸ் தம்பிதான்."

"அந்தப் புகாரையும் விடலயே. டெரன்ஸையே விசாரிக்கச் சொன்னோம். அவரு தன்னைத்தானே கடுமையா விசாரிச்சு, அப்படி ஒண்ணும் நடக்கலன்னு அறிக்க குடுத்துட்டாரு. நம்ம ஊழியர்னு ஒரு துளி தயவு காட்டல பாத்துக்கிடுங்க."

"சரி சார். பிள்ளைக்க வீட்டு வழி தெரியும்னு மிரட்டுனானே ஒருத்தன், அவன ஏன் காட்டல?"

செந்தூர்வேல் குரலைத் தாழ்த்தினார். இத்தனை நியாயம் பேசிய களைப்பில் அவருக்கு உண்மை வந்துவிட்டது. "வாரத்துக்கு ஒரு ஆள் வேணும்மா. நாங்களும் எங்க போவோம்? தேடித் தேடிப் பிடிச்சா, அந்த வேங்கை நம்ம சிவப்பிரகாஷா இருக்காரு. பேரின்பத்து முதலாளிக்க மருமவன். அவரக் காட்டுனா நிகழ்ச்சிக்கு யாரு படியளப்பா? நல்லவேளைக்கு அவரே உங்க மேல ஒரு புகார் குடுத்தாரு. இப்ப அவரு பாதிக்கப்பட்டவர். பாதிக்கப்பட்டவரோட அடையாளத்த வெளியிடப்படாது. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பட்டு வேட்டி இளைஞன் இன்னும் கைகூப்பிக்கொண்டிருந்தான். சிவப்பிரகாஷ் என்று அவன் காலுக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

கடைசியாகச் செந்தூர்வேல் அவளுக்குள்ள உரிமையைத் தெரிவித்தார். வரும் வெள்ளிக்கிழமை நேரலையில் அவள் வந்து பேசலாம். வெட்ட மாட்டார்கள், இசை போட மாட்டார்கள். அனுசியாவே கேள்வி கேட்பாள். ஜெபசுதாவுக்கு உயிர் வந்தது. அனுசியா இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒப்பனை அறையில் அனுசியா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் நீர். பக்கத்தில் நின்ற பெண் அந்த நீரை மை கலையாமல் ஒற்றி எடுத்தாள்.

"என்னால ஒண்ணும் செய்ய முடியல மேட்ரனம்மா. எல்லாம் மேல உள்ளவங்க முடிவு. நான் ஒரு வழி யோசிச்சிருக்கேன். நம்ம விடுதி வழக்கப்படி செஞ்சிருவமா?"

"என்னது?"

"நீங்கதான மூத்தவங்க. நீங்க முதல்ல மன்னிப்புக் கேளுங்க. உடனே நான் கேக்கேன், இந்த ஊரே பாக்க. டெரன்ஸ்தான் கணக்குத் தொடங்கிக் குடுத்தாருன்னும் சொல்லிருதேன். நேரலைல யாரு என்ன செய்ய முடியும்?"

ஜெபசுதாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை பிள்ளைகள் படித்துப் போனார்கள், கணக்கும் பூகோளமும் மறந்தார்கள். இது மறக்கவில்லையே இவளுக்கு. மறுபடியும் கொண்டுவந்திருந்த மக்ரூன் பெட்டியைத் திறந்து ஒன்றை அவள் வாயில் வைத்தாள். உதட்டுச்சாயம் போய்விடும் என்று ஒப்பனைப் பெண் பதறினாள்.

விளக்குகள் எரிந்தன. கப்பல் முங்கி அடங்கியது. அனுசியா, "வணக்கம். உங்களுக்கு என்ன சொல்லத் தோன்றுகிறது?" என்று கேட்டாள்.

ஜெபசுதா எழுந்து நின்றாள். மன்னிப்பை உட்கார்ந்துகொண்டு கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்தான். "என்னால யாரு மனசாவது வருத்தப்பட்டிருந்தா, என்ன மன்னிச்சிக்கிடுங்க" என்று கைகூப்பினாள். பிறகு அனுசியாவைப் பார்த்து, எப்போதும் பார்க்கிற பார்வையாக, மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப உன் முறை."

அனுசியா அவள் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். அவளுக்கு அந்த வாக்கியம் தெரியும். தெரிந்துதான் எடுத்தாள், அதை ஜெபசுதா பார்த்தாள். காமாலைக் கண்ணோடு தன் மடியில் கிடந்த அந்தப் பிள்ளை காமராவுக்கு நேராகத் திரும்பி, "நேயர்களே, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். இது முகத்திரையின் வெற்றி, உங்கள் வெற்றி" என்றது. பேரின்பம் ஜவுளி மாளிகையில் ஆடித் தள்ளுபடி தொடங்கியது.

ஜெபசுதா நின்றபடியே நின்றாள். விளம்பரம் முடிந்ததும் கேட்பாள் என்று காத்திருந்தாள். அவ்வளவு பேர் முன்னால் துரோகம் நடந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருக்கத்தான் செய்கிறது மனம். விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். செந்தூர்வேல் வந்து, தாங்கள் நியாயமாக நடத்தப்பட்டீர்கள் என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து, "போன்ல ஒரு அஞ்சு ஸ்டார் போட்டுருங்கம்மா" என்றார். திரும்பி வரும்போது பார்த்தாள், பெட்டியிலிருந்த மக்ரூனைப் படப்பிடிப்பு ஆட்கள் தின்றுகொண்டிருந்தார்கள். மறுநாள் செய்தியில் அது லஞ்சம் கொடுக்கும் முயற்சி என்று வந்தது.

இருந்தாலும் சேனல் அவள் புகாரை மதித்து, மாசக் கடைசியில் ஒரு திருத்தம் வெளியிடத்தான் செய்தது. காலைச் செய்தியில், ஆடிக் காற்றின் வேகத்துக்கும் திரேஸ்புரத்து மீன் விலைக்கும் நடுவே, திரைக்கு அடியில் எழுத்தாக ஓடியது. 'முகத்திரை நிகழ்ச்சியில் விடுதிக் காப்பாளரின் ஊர் சாத்தான்குளம் எனத் தவறாகக் குறிப்பிடப்பட்டது. நாசரேத் என்பதே சரி. தவறுக்கு வருந்துகிறோம்.' தாளாளர் ஜேசுபாதம் அதை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார். "உங்க மேல தப்பு இல்லன்னு இதுல சொல்லலையே மேட்ரன்" என்றார். அவருக்கும் வருத்தம்தான். வருத்தம் அன்றைக்கு ஊரில் யாரிடமும் குறைவில்லாமல் இருந்தது.

ஜெபசுதா பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது குழாயடியில் சத்தம் கேட்டது. ஜெமியும் ஸ்டெபியும் ஒரு வாளிக்காக மயிரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பழக்கதோஷம், போய்விட்டாள்.

"ஏளா ஜெமி, நீதான மூத்தவ? முதல்ல நீ கேளு."

ஜெமி தலையைக் குனிந்துகொண்டாள். மேட்ரன் சொல்லை அவள் ஒருநாளும் தட்டினதில்லை.

"நான் கேக்க மாட்டேன் மேட்ரனம்மா. நான் முதல்ல கேட்டா, நாந்தான் தப்புன்னு இவ எல்லார்ட்டயும் சொல்லிருவா. உங்களுக்கு அப்பிடித்தான ஆச்சு?"

சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையே அழுதது. ஜெபசுதா வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் கட்டிக்காத்த ஒரே ஒரு சட்டம். அறை போனதில் வராத அழுகை அதில்தான் வந்தது. இரண்டு பேருக்கும் தனித்தனித் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

நாசரேத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது, தம்பி மகன் வீட்டில் நெல் மூட்டை போடும் அறைக்கு. பஸ் ஸ்டாண்டில் நிற்கையில் போன் கிணுகிணுத்தது. அனுசியா என்று பெயர் வந்தது. வட்டத்துக்குள் கறுப்புக் கோட்டோடு சிரிக்கிற முகம்.

ஸ்டுடியோவில் நின்றதிலிருந்து ஜெபசுதா இதற்குத்தான் காத்திருந்தாள். பிள்ளைக்கு மனசு உறுத்தியிருக்கிறது. நாலு பேர் பார்க்க முடியாதென்று தனியாகக் கேட்கிறாள். கேட்கட்டும், எப்படிக் கேட்டால் என்ன. பெட்டியைக் கீழே வைத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

'மேட்ரனம்மா, திரும்பவும் கமெண்ட்ல அசிங்கமா எழுதுதானுவ. தாங்க முடியல. பழைய ஐடி வெளிய தெரிஞ்சிட்டுல்லா, டெரன்ஸ்ட்ட சொல்லிப் புதுசு ஒண்ணு போட்டு அனுப்பட்டுமா?'

ஜெபசுதா அதை இன்னொரு தரம் வாசித்தாள். கீழே ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதி அனுப்பினாள்.

'இப்ப உன் முறை.'

இரண்டு நீலக் கோடும் விழுந்தன. அனுசியா வாசித்துவிட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று மேலே வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. நாசரேத் பஸ் வந்து, ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள். ஜெபசுதா போனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வட்டத்துக்குள் இருந்த முகம் மறைந்து வெறும் சாம்பல் நிறமாயிற்று. வேண்டாதவர்களை விலக்கிவைத்தால் போனில் அப்படித்தான் முகம் மறையும் என்று விடுதிப் பிள்ளைகள் அவளுக்கு என்றோ சொல்லித் தந்திருந்தார்கள்.

"ஏறுதியளா இல்லையா அக்கா?" என்று கண்டக்டர் கேட்டார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள்.